நம் பங்கின் அடுத்த ஐந்து ஆண்டுகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கத்தோலிக்கப் பங்குகளில் ‘எதிர்காலத் திட்டம்’ என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதற்கு உடனடிக் காரணம் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிவைத்த உலக ஆயர் மாமன்றம் 2023, 2024 அக்டோபர் மாதங்களில் வத்திக்கானில் கூடியது. 2024 அக்டோபர் 26 அன்று தன் இறுதி ஆவணத்தை நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு மறைமாவட்டங்களிடமும் பங்குகளிடமும் வந்திருக்கிறது. 2027 முற்பாதியில் மறைமாவட்ட அளவில் மதிப்பீடு, 2028 அக்டோபரில் வத்திக்கானில் பேரவைக் கூட்டம் என்று கால அட்டவணையும் குறிக்கப்பட்டுவிட்டது.

ஆனால், பங்கு மக்களின் மனதில் இருக்கும் கேள்விகள் வேறு. அவை கூட்டத்தில் எழுவதில்லை; கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போதுதான் எழுகின்றன. அவற்றில் முக்கியமானவற்றுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களுக்கு நிர்வாக முறை வேறு. இங்கே சொல்லப்படுபவை தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு உரியவை.

1. கோவில் இருக்கிறது, பூசை நடக்கிறது, திருவிழாவும் நடக்கிறது. இதற்கு மேல் பங்குக்கு எதற்குத் திட்டம்?

1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு பங்கைக் கட்டடமாகப் பார்க்கவில்லை. ஆயரின் அதிகாரத்தின் கீழ் ஒரு பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கப்பட்ட, நிலையான நம்பிக்கையாளர் சமூகமே பங்கு என்கிறது அதன் 515-ஆம் விதி. கோவில் அந்தச் சமூகம் கூடும் இடம்.

அந்தச் சமூகம் மாறிக்கொண்டே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டப் பங்குகளில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட, வயதான பெற்றோர் பெரிய வீடுகளில் தனியே இருக்கிறார்கள். சென்னைப் புறநகரில் நிலைமை நேர்மாறு. வாடகை வீட்டுக்கு வரும் புதுக் குடும்பங்கள் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் எந்த அன்பியத்திலும் சேராமல், யாருக்கும் பெயர் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் வகுத்த திருப்பலி நேரமும் மறைக்கல்வி வகுப்பும் இன்றைய குடும்பங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று உட்கார்ந்து பார்ப்பதில்தான் திட்டமிடல் தொடங்குகிறது. யாருக்கு எதை, யார் பொறுப்பில், எந்தப் பணத்தில், எந்த மாதத்துக்குள் செய்வோம் என்று எழுதி வைத்தால் அது திட்டம். எழுதாமல் விட்டால் அது ஆசை மட்டுமே.

2. இதெல்லாம் சாமியார் பார்க்க வேண்டிய வேலை. நாங்கள் ஏன் தலையிட வேண்டும்?

தலையிடுவது உங்கள் உரிமை. சில வேளைகளில் கடமையும்கூட. திருச்சபையின் நன்மைக்கடுத்த காரியங்களில் தம் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க நம்பிக்கையாளருக்கு உரிமை உண்டு, சில சமயம் அது கடமை என்று 212-ஆம் விதி சொல்கிறது. பங்குத்தந்தையின் கடமைகளையும் சட்டம் விரிவாக அடுக்குகிறது. குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். அவர்களின் கவலையிலும் துயரத்திலும் பங்கெடுக்க வேண்டும். ஏழைகளையும் தனித்து விடப்பட்டவர்களையும் சிறப்பாகத் தேடிப் போக வேண்டும் என்கிறது 529-ஆம் விதி. ஆயிரம் குடும்பம் உள்ள ஒரு பங்கில் ஒரே ஆள் இதைச் செய்து முடிக்க முடியாது. பொதுநிலையினர் கைகொடுத்தால்தான் அந்த விதி உயிர்பெறும்.

3. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தானாமே? பிறகு எதற்குப் பேச வேண்டும்?

536-ஆம் விதியின்படி பேரவைக்குப் பங்குத்தந்தையே தலைவர். பேரவையின் வாக்கு ஆலோசனை வாக்குதான். இது உண்மை. அதே வேளையில், ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் ஒரு படி முன்னே போகிறது. முறையாகக் கலந்துபேசி, மன்றாடித் தெளிந்து மக்கள் எடுத்துச் சொன்ன திசையை அதிகாரத்தில் உள்ளவர் புறக்கணிக்கக் கூடாது என்கிறது. பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும், உறுப்பினர்களில் பெரும்பாலோர் பங்குத்தந்தையே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கக் கூடாது என்றும் வலியுறுத்துகிறது.

ஆகவே, பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பொருளடக்கம் வரட்டும். முடிவுகள் குறிப்பேட்டில் ஏறட்டும். ஒரு பரிந்துரை ஏற்கப்படவில்லை என்றால், அதற்கான காரணமும் அதே குறிப்பேட்டில் இடம்பெறட்டும். குரலை உயர்த்துவதைவிட இது அதிகம் பலன் தரும்.

4. புதுப் பங்குத்தந்தை வந்தால் பழைய திட்டம் குப்பைக்குப் போய்விடுமே?

நியாயமான பயம். பழைய திட்டத்தைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று புதியவரைக் கட்டிப்போடும் விதி எதுவும் இல்லை. திட்டம் ஒருவருடைய மனதில் மட்டும் இருந்தால் அவரோடு அது புறப்பட்டுவிடும். திட்டத்தை எழுத்தில் வடித்து, பங்குப் பேரவையும் நிதிக்குழுவும் கையெழுத்திட்டு, ஒரு படியை ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவிடுங்கள். பொறுப்பேற்கும் நிர்வாகி சொத்து விவரப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று 1283-ஆம் விதி கேட்கிறது. அந்தப் பட்டியலோடு, பாதியில் நிற்கும் பணிகளின் பட்டியலையும் சேர்த்து ஒப்படைக்கும் பழக்கத்தைப் பேரவையே உண்டாக்கலாம். புதியவர் மாற்றம் செய்யலாம். ஆனால், எதை மாற்றுகிறார் என்பது அவருக்கும் மக்களுக்கும் தெரிந்திருக்கும்.

5. முதல் வேலை என்ன? கருத்தரங்கு நடத்துவதா, குழு போடுவதா?

முதல் வேலை வீடு வீடாகப் போவது. பங்குப் பதிவேட்டில் உள்ள பெயர்களையும் உண்மையில் குடியிருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போதே பாதித் திட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். யார் வெளியூர் போனார்கள், யார் படுக்கையில் கிடக்கிறார்கள், எந்த வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, எந்த வீட்டைக் குடியோ கடனோ தின்றுகொண்டிருக்கிறது, யார் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இதில் மூன்று ஒழுங்குகள் தேவை. முதலாவது, கோவில் வரி பாக்கியைப் பற்றி அந்தச் சந்திப்பில் பேசவே கூடாது. பேசினால் அடுத்த முறை கதவு திறக்காது. இரண்டாவது, இரண்டு பேராகப் போக வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். மூன்றாவது, கேட்ட விவரம் எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. நோயும் கடனும் குடும்பச் சண்டையும் ஒருவர் நம்பிச் சொன்னவை. அவற்றைப் பங்குத்தந்தையும் பொறுப்பான ஒன்றிரண்டு பேரும் மட்டுமே அறிந்திருக்க வேண்டும்.

6. எங்கள் அன்பியத்தில் மாதம் ஒருமுறை செபமாலை சொல்கிறோம், டீ குடிக்கிறோம், கலைகிறோம். இதனால் என்ன ஆகும்?

அன்பியம் என்பது அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றாகக் கூடி, இறைவார்த்தையை வாசித்து, அந்த வார்த்தையின் வெளிச்சத்தில் தம் தெருவின் காரியங்களைப் பார்க்கும் அமைப்பு. செபம் அதன் தொடக்கம். அதோடு முடிந்துவிட்டால் பாதி அன்பியம்தான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரே ஒரு செயலை முடிவுசெய்யுங்கள். கண் அறுவை சிகிச்சைக்குப் போகும் பாட்டியுடன் யார் போவது? முதியோர் உதவித்தொகைக்கு யார் மனு எழுதித் தருவது? அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு, அது நடந்ததா என்பதாக இருக்கட்டும். புனித வின்சென்ட் தே பால் சபையும் மரியாயின் சேனையும் வீடு சந்திப்பில் நீண்ட அனுபவம் உள்ளவை. அன்பியங்கள் அவற்றோடு சேர்ந்து நடந்தால், ஒரே வீட்டுக்கு மூன்று குழு போவதும், மூன்று வீட்டுக்கு யாருமே போகாததும் நிற்கும்.

7. திட்டம் என்றாலே புதுக் கோவில் கட்டுவதுதான் என்று பேசுகிறார்கள். அது தவறா?

இடம் போதவில்லை என்றால், கூரை ஒழுகுகிறது என்றால், கட்டுவது தேவை. ஆனால், கட்டுவதற்கும் வரம்பு உண்டு. ஆயரின் வெளிப்படையான எழுத்துமூல இசைவு இல்லாமல் கோவில் கட்டக் கூடாது. குருக்கள் மன்றத்தையும் அண்டைக் கோவில் பொறுப்பாளர்களையும் கேட்டு, மக்களின் ஆன்ம நலனுக்கு அது உதவுமா, கட்டவும் வழிபாடு நடத்தவும் பணம் இருக்குமா என்று ஆயர் பார்க்க வேண்டும் என்கிறது 1215-ஆம் விதி.

கட்டும் முன் பேரவை மூன்று கணக்குகளை மேசை மேல் வைக்கட்டும்: கட்டும் செலவு, கட்டிய பின் ஆண்டுதோறும் வரும் மின்கட்டணமும் பராமரிப்பும், கட்டி முடியும் வரை நிறுத்தி வைக்கப்படும் உதவிகள். மூன்றாவது கணக்கைத்தான் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. கல்வி உதவியும் மருத்துவ உதவியும் ஐந்து ஆண்டுகள் நின்றால், அந்தக் கோபுரத்தின் விலையில் ஒரு பகுதியை ஏழைப் பிள்ளை கட்டியிருக்கிறது என்று பொருள். ஒரு பங்கு அதைத் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது.

8. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் ‘நம்பிக்கை இல்லையா?’ என்கிறார்கள். கேட்பது தவறா?

தவறில்லை. கணக்குக் காட்டுவது சட்டம் வகுத்த கடமை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537-ஆம் விதி. வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக வைத்து ஆண்டு முடிவில் கணக்கு அறிக்கை தயாரிக்க வேண்டும் என்கிறது 1284. மக்கள் தரும் காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும். அதற்கான முறையை மறைமாவட்ட விதிகள் வகுக்கும் என்கிறது 1287. ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட பணத்தை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது 1267. அன்னதானத்துக்கு என்று வாங்கிய பணம் ஒலிபெருக்கிக்குப் போகக் கூடாது.

ஆண்டுக் கணக்கைக் கூடுமானால் வெளித் தணிக்கையாளரைக் கொண்டு சரிபார்த்து வெளியிட வேண்டும் என்று மாமன்ற ஆவணமும் கேட்கிறது. கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பங்கில் வதந்திக்கு வேலை குறைகிறது. அடுத்த திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுப் போகும் இளைஞனும் தலைநிமிர்ந்து போகிறான்.

9. துபாயிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். பங்குக் கணக்கில் வாங்கலாமா?

அனுப்புகிறவரின் குடியுரிமையைப் பாருங்கள். இந்தியக் குடிமகனாக இருப்பவர் வெளிநாட்டில் வேலை செய்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி. அதற்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அத்தகைய நிதியைப் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற முடியும். பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நல்ல மனதோடு அனுப்பிய பணம் பங்கையே சிக்கலில் தள்ளிவிடலாம். வாங்கும் முன் மறைமாவட்டப் பொருளாளரிடம் கேட்டுவிடுங்கள்.

10. வரி பாக்கி வைத்தவருக்குத் திருமண ஓலையும் அடக்கமும் மறுக்கலாமா?

திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டியது நம்பிக்கையாளரின் கடமை. 222-ஆம் விதி அதைச் சொல்கிறது. அதே விதி ஏழைகளுக்கு உதவும் கடமையையும் கூடவே வைக்கிறது. வறுமையின் காரணமாக எவரும் அருளடையாளங்களின் துணையை இழந்துவிடக் கூடாது என்கிறது 848. அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடத்தக் கூடாது, ஏழைக்கு உரிய அடக்கத்தை மறுக்கக் கூடாது என்கிறது 1181. வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு பாக்கியைக் கட்ட அலையும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. கட்ட முடியாதவர் பங்குத்தந்தையிடம் தனியே சொன்னால் தள்ளுபடி செய்யப்படும் என்ற ஒரு வரியைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

11. எங்கள் பங்கில் தெரு பார்த்துத்தான் எல்லாம் நடக்கிறது. திட்டம் இதை மாற்றுமா?

மாற்றாவிட்டால் அது திட்டமே இல்லை. திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் மாண்பிலும் செயலிலும் சமத்துவம் உண்டு என்கிறது 208-ஆம் விதி. தீண்டாமையை ஒழிக்கிறது இந்திய அரசமைப்பின் 17-ஆம் பிரிவு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

பங்கு அளவில் செய்ய வேண்டியவை தெளிவானவை. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவரோ தனிப் பகுதியோ இருந்தால் அகற்றுவதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். தேர்ப் பவனி எல்லாத் தெருக்களுக்கும் போக வேண்டும். பேரவையிலும் நிதிக்குழுவிலும் வாசகர் பட்டியலிலும் பீடச் சிறார் குழுவிலும் எல்லாத் தெருக்களுக்கும் இடம் இருக்க வேண்டும். ‘ஊர் அமைதி கெடும்’ என்று இதை ஒத்திப்போடுகிறவர்கள், யாருடைய அவமானத்தின் மேல் அந்த அமைதி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பலியில் ஒரே அப்பத்தை உண்ட மக்கள் மண்ணுக்குள் மட்டும் பிரிந்து கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

12. பெண்களும் இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். முடிவெடுக்கும் இடத்தில் இல்லையே?

கோவில் பெருக்குவது முதல் மறைக்கல்வி கற்பிப்பது வரை பெண்கள் செய்கிறார்கள். பேரவை மேசையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். வாசகர், பீடத்துணைவர் பணிகளில் பெண்களையும் முறைப்படி ஏற்படுத்தலாம் என்று 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தினார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்விப் பணியாளர் பணியையும் நிறுவினார். பேரவையில் பெண்களுக்கும் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கும் இத்தனை இடம் என்று முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. இளைஞர்களுக்குப் பந்தல் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, அவர்கள் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை.

சிறுவர் பாதுகாப்பையும் இங்கேயே சேர்க்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பு, பாடகர் குழு, விடுமுறை முகாம் ஆகியவற்றில் ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திருக்கக் கூடாது என்று விதி வகுத்துவிடுங்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, சிறுவர் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பதே குற்றம். பங்குக்குள் பேசி முடிக்கும் காரியம் இது அல்ல. 1098 என்ற சிறுவர் உதவி எண் மறைக்கல்வி வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

13. குடும்பங்கள் குறைந்தால் பங்கை மூடிவிடுவார்களா? எங்கள் கிளைப் பங்கு தனிப் பங்காகுமா?

பங்கை உருவாக்கவும் இணைக்கவும் நீக்கவும் ஆயருக்கு மட்டுமே அதிகாரம். அதற்கு முன் அவர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். தனிப் பங்கு கேட்கும் கிளை மக்கள், ஒரு குருவைத் தாங்கும் வருவாயும் குடும்பப் பதிவேடும் பணி செய்ய ஆட்களும் இருப்பதைக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மனச்சான்றோடு கேட்டுக்கொள்ளுங்கள்: பிரிவது பணிக்காகவா, இன்னொரு தெருவோடு சேர்ந்து உட்கார மனமில்லாததற்காகவா?

14. நற்செய்திப் பணி என்றால் மதம் மாற்றுவதுதானே என்று மற்ற மதத்து நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நேராகச் சொல்லுங்கள். மனச்சான்றுக்கு எதிராக எவரையும் கத்தோலிக்க நம்பிக்கையைத் தழுவக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 748-ஆம் விதி. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையில் இதை உலகறியச் சொன்னது. உதவிக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்பது திருச்சபைக்கே அவமானம். அதே வேளையில், தம் நம்பிக்கையைச் சொல்லும் உரிமையை அரசமைப்பின் 25-ஆம் பிரிவு எல்லா மதத்தவருக்கும் தந்திருக்கிறது. அதை ஒளித்துவைக்கவும் தேவையில்லை.

2004 ஆழிப்பேரலையின் போதும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோதும் குமரிக் கடற்கரைப் பங்குகள் என்ன செய்தன என்பது பலருக்கும் நினைவிருக்கும். கரை திரும்பாத படகுகளின் பெயர்ப் பட்டியல், உறவினர்களின் கண்ணீர், அரசிடம் வைத்த கோரிக்கை எல்லாம் கோவில் வளாகத்தில்தான் கூடின. அடுத்த புயலுக்கு எந்த வளாகத்தில் எத்தனை பேர் தங்கலாம், ஜெனரேட்டர் ஓடுமா, ஆழ்கடலுக்குப் போன படகுகளின் விவரம் யாரிடம் இருக்கும் என்று எழுதி வைப்பதும் நற்செய்திப் பணிதான். அதில் எந்த மதத்தவர் என்ற கேள்வியே எழாது.

15. திட்டம் வெற்றி பெற்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூட்டங்களின் எண்ணிக்கையாலும் புகைப்படங்களாலும் தெரியாது. ஆண்டு முடிவில் பேரவை தன்னையே நான்கு கேள்விகள் கேட்கட்டும். இதுவரை யாரும் போகாத எத்தனை வீடுகளுக்குப் போனோம்? வருவதை நிறுத்தியவர்களில் யாரிடம் மன்னிப்புக் கேட்டோம்? எந்த ஏழைப் பிள்ளையின் படிப்பு நம்மால் நிற்காமல் போனது? எந்தச் சுவரை அகற்றினோம்?

ஐந்து ஆண்டுகளுக்கு இருபது இலக்குகள் வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தொகை, ஒரு தேதி. ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் பேரவை மக்கள் முன் நின்று இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். திட்டத்தை எழுதத் தொடங்கும் முன்பே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பங்கு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் தெரிந்த பேரவைதான் மற்ற நாட்களில் வீடு வீடாக நடக்கும்.